மாவிலையில் படிந்த கருமை

முக்கனிகளுள் முதலிடம் பெறுவது மா. தமிழாசிரியர்க்கோ அது கனியாகும் முன்னரே சீராகிவிடுகிறது. தேமா, புளிமா என்று யாப்பிலக்கணம் கற்பிக்கத் தொடங்கும் நாளில், "இவ்விரண்டு மரங்களையும் நேரில் கண்டவர் உண்டோ?" என்று வகுப்பில் வினவுவது நமது வழக்கம். நகரத்து மாணவர் நகைப்பர். பொன்னேரி, ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து வருவோர் மட்டும் கையுயர்த்துவர். சீரை அறிந்த அளவிற்கு மரத்தை நாம் அறிந்திருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்வதற்காகவே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம். இலக்கியக் கட்டுரை ஒன்றை எதிர்பார்த்த மலர்க்குழுவினர் பொறுத்தருள்வார்களாக.

நமது இல்லம் கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையில் ஒரு சிற்றூரில் உள்ளது. ஒருபுறம் கொல்கத்தா நெடுஞ்சாலை, மறுபுறம் இருப்புப்பாதை. ஆரணியாற்றுப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்கள் இவை. 1971-இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் தொழில் வளாகம் அமைத்தபின் வயல்களின் நடுவே புகைபோக்கிகள் எழுந்தன. இரும்பு உருக்காலைகளும் உருளை ஆலைகளும் பெருகின. ஊரில் பாதிப்பேர்க்குச் சோறு தருபவை அவையே. மீதிப்பாதிப்பேர்க்கு மனக்குறை தருபவையும் அவையே. இவ்விரு பாதியும் ஒரே தெருவில், பல வேளைகளில் ஒரே வீட்டில் வாழ்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1999-இல் வீட்டின் பின்புறத்தில் பங்கனப்பள்ளி ஒட்டுக்கன்று ஒன்றை நட்டோம். ஐந்தாம் ஆண்டில் காய்த்தது. அண்டை வீட்டு அம்மையார் தெலுங்கு பேசும் குடும்பத்தவர். ஆண்டுதோறும் நாம் அவருக்கு ஒரு கூடை காய் அனுப்புவோம். பதினைந்து நாள் கழித்து ஆவக்காய் ஊறுகாய்ச் சாடி நம் வீட்டுக்கு வரும். அவருடைய மகன் அருகிலிருந்த ஓர் ஆலையில் மேற்பார்வையாளராக இருந்தார். நம்மை 'ஐயா' என்று அழைப்பார். நம் பிள்ளைகளுக்கு மிதிவண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்தவர்.

2012-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மரத்தின் நிறம் மாறிற்று. கீழ்க்கிளைகளின் இலைகளெல்லாம் அடுப்புக்கரியைப் பூசியவை போல் கறுத்தன. பூங்கொத்துகள் பிஞ்சு பிடிக்காமல் காய்ந்து உதிர்ந்தன. நாற்பது ஐம்பது காய் தந்த கிளையில் மூன்றே காய் நின்றது. தெருவிலிருந்த வேறு இரண்டு வீட்டு மாமரங்களுக்கும் அதே நிலை.

காரணம் யாது என்று யாரும் ஆராயவில்லை; ஆராய வேண்டிய தேவை இருப்பதாகவே யாருக்கும் தோன்றவில்லை. புகைபோக்கி கண்முன்னே நின்றது. இலையும் கண்முன்னே கறுத்திருந்தது. இரண்டையும் முடிச்சுப் போட எவ்வளவு நேரம் ஆகும்? ஊர்ப்பெரியவர்கள் கூடி, உரிய அலுவலகத்திற்கு ஒரு விண்ணப்பம் அனுப்புவதென முடிவு செய்தனர். எழுதித் தரும் பணி தமிழாசிரியராகிய நம்மிடம் வந்தது. 'நஞ்சுப்புகையால் கனிமரங்கள் கரிக்கோலம் பூண்டன' என்று மூன்றாம் பத்தியில் எழுதினோம். எழுதும்போது நமக்கு அத்தொடரின்மீது ஒரு பெருமிதம் கூட இருந்தது. முதற்கையெழுத்தும் நம்முடையதே. அன்று மாலை வேலை முடிந்து வந்த அண்டை வீட்டு இளைஞரை வாயிலில் நிறுத்தி, "உங்கள் ஆலை எங்கள் மரத்தைக் கொன்றுவிட்டது, நீங்கள் அங்கே சம்பளம் வாங்குகிறீர்கள்" என்றோம். அவர் மறுமொழி கூறாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே சென்றார். அவ்வாண்டு ஊறுகாய்ச் சாடி வரவில்லை.

கோடை விடுமுறையில், நம் நெடுநாள் நண்பரான தாவரவியல் பேராசிரியர் ஒருவர் வேறொரு காரியமாக இல்லத்திற்கு வந்தார். விண்ணப்பத்தின் படியை அவரிடம் காட்டினோம். படித்துவிட்டு, "மூன்றாம் பத்தி மிக அழகாக இருக்கிறது. மரத்தைப் பார்க்கலாமா?" என்றார்.

பின்புறம் சென்றதும் அவர் மாமரத்தைப் பார்க்கவில்லை. அதன் பக்கத்தில் நின்ற வேம்பைப் பார்த்தார். வேப்பிலை பச்சையாக இருந்தது. "புகை மேலிருந்து விழுந்தால் வேம்பின் மேலும் விழுமே. மாமரத்தை மட்டும் தேடி விழுமா?" என்றார். அடுத்து மாமரத்தின் நிழலில் இருந்த குரோட்டன்சு செடியைத் தொடச் சொன்னார். அதன் இலைகளும் கறுத்திருந்தன. விரல் பிசுபிசுவென்று ஒட்டிற்று. மரநிழலைத் தாண்டி இரண்டு முழம் தள்ளியிருந்த அதே செடி கறுக்கவில்லை. பிறகு ஈரத்துணி ஒன்று கேட்டார். கறுத்த மாவிலையை அழுந்தத் துடைத்தார். கருமை மெல்லிய தோல் போல் உரிந்து வந்தது. அடியில் இலை மாசு மறுவற்ற பச்சையாய் மின்னிற்று. உரிந்ததைக் கைக்கண்ணாடியில் காட்டினார். கரித்தூள் என்றால் துகள்துகளாகத் தெரிய வேண்டும். இதுவோ நூலிழைகள் பின்னிய கம்பளி போன்றிருந்தது.

அது பூசணம். கரும்பூசணம் என்பது தமிழ்ப்பெயர். கேப்னோடியம் என்பது அறிவியலார் இட்ட பெயர்களுள் ஒன்று. அது இலைக்குள் நுழைவதில்லை, இலையைத் தின்பதுமில்லை. இலைமீது சிந்திய இனிப்பைத் தின்று வாழ்கிறது. அவ்வினிப்பைச் சிந்தியவை தத்துப்பூச்சிகள். கோதுமை மணியளவே உள்ள இப்பூச்சிகள், மாமரம் பூக்கும் காலத்தில் பூங்காம்பிலும் தளிரிலும் கூட்டங்கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சும். தேவைக்கு மிஞ்சிய சர்க்கரையைத் தேன்துளி போல் கழிக்கும். சாறு இழந்த பூ உதிர்கிறது. தேன் வழிந்த இலையில் பூசணம் படர்கிறது. பூசணம் மூடிய இலைக்கு வெயில் கிட்டாமல் மரம் இளைக்கிறது. சனவரி மாதத்தில் மரத்தடியில் நின்றபோது சடசடவென்று ஓர் ஒலி எழுந்து, முகத்தில் ஏதோ மோதியது நமக்கு நினைவிற்கு வந்தது. மரம் தன் நோயைச் சொல்லிற்று. நாம் கொசு என்று கையை வீசிவிட்டு உள்ளே போயிருக்கிறோம்.

திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தை எத்தனையோ ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறோம். நோயை அறிதல் முதற்படி. நோயின் காரணத்தை அறிதல் இரண்டாம் படி என்று கரும்பலகையில் எண்ணிட்டு எழுதிக் காட்டியவர் நாம். இரண்டாம் படியைத் தாண்டிக் குதித்தவரும் நாமே.

மருத்துவம் எளிதாகவே இருந்தது. சுவரொட்டி ஒட்டுவோர் காய்ச்சும் மைதாப் பசைதான் மருந்து. ஒரு கிலோ மைதாவை ஐந்து லிட்டர் நீரில் கட்டியில்லாமல் கரைத்துக் காய்ச்சி, ஆறியபின் இருபது லிட்டராக நீர் சேர்த்து, வடிகட்டி, நல்ல வெயில் நாளில் இலைகள்மீது தெளிக்க வேண்டும். பசை வெயிலில் காய்ந்து பொருக்காகும். உதிரும்போது பூசணத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். மேகம் மூடிய நாளில் தெளித்தால் பயனில்லை. நம் இல்லத்தரசியார் பெரிய தவலையில் பசை காய்ச்சியபோது, தேர்தல் ஏதேனும் வந்துவிட்டதா என்று தெருவே வந்து எட்டிப் பார்த்தது. மூன்றாம் நாள் மரத்தடியில் கரிய செதில்கள் உதிர்ந்து கிடந்தன.

பசை என்பது கறையை நீக்குவது மட்டுமே, பூச்சியை நீக்காது. உட்கிளைகள் பின்னிக்கொண்டு வெயிலும் காற்றும் புகாத மரத்தைத்தான் தத்துப்பூச்சி விரும்பும் என்றார் நண்பர். ஆகவே அறுவடைக்குப்பின் உட்கிளைகளைக் கழித்தோம். அடுத்த பூப்பருவத்தில், பூங்கொத்து வெளிப்படும்போதே, லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து அடித்தோம். பழைய கையேடுகளில் பாசுபாமிடான் என்னும் மருந்து இப்பூச்சிக்குப் பரிந்துரைக்கப்பட்டிருக்கும். 2020-ஆம் ஆண்டு இறுதியோடு அது இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய கையேடு வைத்திருப்போர் அப்பக்கத்தில் ஒரு கோடு கிழித்து வைத்தல் நலம்.

மரத்தின் மருத்துவம் எளிது என்றோம். விண்ணப்பத்தின் மருத்துவம் எளிதாக இல்லை. கையெழுத்திட்ட பெரியவர்களிடம் சென்று, மூன்றாம் பத்தி தவறு, அதனை விலக்கிக்கொள்ள வேண்டும் என்றோம். "ஆலைக்காரர் உங்களுக்கு என்ன கொடுத்தார்?" என்று ஒருவர் கேட்டார். மற்றொருவர், "பூசணமோ புகையோ, எழுதியது எழுதியதாகவே இருக்கட்டும், அவர்களுக்கு வலித்தால் போதும்" என்றார். நாம் அதனை ஏற்கவில்லை. அவ்விண்ணப்பத்தில் உண்மையான குறைகளும் இருந்தன. இரவு நேரத்து நெடி உண்மை. மொட்டைமாடியில் உலர்த்திய துணிகளில் படிந்த தூசியும் உண்மை. ஆய்வுக்கு வருபவர் ஈரத்துணியால் ஓர் இலையைத் துடைத்துப் பார்த்துவிட்டு, 'இவர்கள் பூசணத்தைப் புகை என்கின்றனர்' என்று எழுதிச் சென்றால், நெடியையும் தூசியையும் பற்றி நாம் சொன்னதை யார் நம்புவர்?

தூசியை மெய்ப்பிக்க வேறு வழி தேடினோம். வெள்ளைப் பீங்கான் தட்டுகளை மாடியில் வைத்து, நாள்தோறும் படிந்ததைத் திரட்டித் தேதியிட்டுப் பொதிந்து வைத்தோம். காந்தத்தைக் காட்டினால் அத்தூசியில் ஒரு பகுதி ஒட்டிக்கொண்டது. இரும்புத்தூள் கிடைத்துவிட்டது என்று துள்ளினோம். நண்பர் அங்கும் நம்மைத் தடுத்தார். "கடற்கரை அருகில், இங்குள்ள கருமணலிலும் காந்தத்தில் ஒட்டும் துகள் உண்டு. ஆய்வுக்கூடம் சொல்லட்டும்" என்றார். பொதிகளை விண்ணப்பத்துடன் இணைத்தோம். மூன்றாம் பத்தியை நீக்கினோம். பதினெட்டுப் பேர் கையெழுத்திட்ட விண்ணப்பம் பதினொரு பேரோடு போயிற்று.

புகையால் மாமரத்திற்கு நோயே வராது என்று யாரும் எண்ணிவிடலாகாது. வட இந்தியாவில் செங்கல் சூளைகளை அடுத்த மாந்தோப்புகளில் 'கருநுனி' என்னும் கேடு நெடுங்காலமாக அறியப்பட்டது. சூளைப்புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடு முதலிய வாயுக்கள் பட்டுக் காயின் கீழ்முனை முதலில் வெளிறி, பின்பு கறுத்துக் கெட்டியாகிவிடும். லிட்டருக்கு ஆறு கிராம் வெண்காரம் கலந்து தெளிப்பதும், சூளையின் புகைபோக்கியை உயர்த்துவதும், சூளையைத் தோப்பிலிருந்து விலக்கி வைப்பதும் அதற்குக் கண்ட வழிகள். ஆனால் அக்கருமை காயின் நுனியில் வருவது, துடைத்தால் போகாதது. நம் வீட்டுக் கருமை இலையின்மேல் இருந்தது; துடைத்தால் போயிற்று.

மறு ஆண்டு நாமே ஒரு நோயை உண்டாக்கினோம். 2013 சனவரியில் பனி மிகுந்திருந்தது. பூங்காம்புகளில் திருநீறு தூவியது போல் வெண்பொடி படிந்தது. இம்முறை அவசரப்படாமல் கைக்கண்ணாடியில் பார்த்து, நண்பரையும் கேட்டு, அது சாம்பல் நோய் என்று தெளிந்தோம். நனையும் கந்தகத்தை லிட்டருக்கு இரண்டு கிராம் வீதம் கலந்து அடித்தால் அடங்கிவிடும். அடித்தோம். ஆனால் நான்கு நாள் முன்னர்தான் வேப்பெண்ணெய் தெளித்திருந்தோம் என்பதை நண்பரிடம் சொல்லவில்லை. எண்ணெயும் கந்தகமும் அடுத்தடுத்துச் சேர்ந்தால் இலை பொசுங்கும். இரண்டிற்கும் இடையே இரு வாரமாவது வேண்டும். தளிரெல்லாம் தீய்ந்தது. அப்போது தெருவில் யாரோ, "மறுபடியும் புகையா ஐயா?" என்று கேட்டனர். "இல்லை, இது நம் கைவண்ணம்" என்று சொல்ல நேர்ந்தது.

அந்த ஆண்டுக் காய்கள் பறிக்கும்போது பழுதின்றி இருந்து, பழுக்கும்போது கரும்புள்ளி கண்டு அழுகின. ஆந்த்ராக்னோஸ் என்பது அந்நோய். காய் பச்சையாக இருக்கும்போதே உள்ளே நுழைந்து ஓசையின்றிக் காத்திருக்கும் பூசணம் அது. பறித்த காய்களை 52 பாகை வெப்பமுள்ள நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் மூழ்க வைத்து உலர்த்திப் பழுக்கவைத்தால் பெரும்பாலும் தப்பும். வெப்பமானி இன்றிக் கையால் பார்த்துச் செய்தால் காய் வெந்துவிடும்.

இவற்றையெல்லாம் விட நம்மை அலைக்கழித்தது 2014-இல் வந்தது. முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் பழுப்பேறிக் காய்ந்தன. நடுப்பகுதி பச்சையாகவே இருந்தது. பூச்சி இல்லை, பூசண இழை இல்லை, துடைத்தால் போகவில்லை. இளந்தளிர்களில் இல்லை, முதிர்ந்த இலைகளிலேயே இருந்தது. இப்போதாவது புகையைக் குற்றம் சொல்லலாமா என்று மனம் பரபரத்தது. நண்பர் நம்மை மரத்திடமிருந்து கிணற்றடிக்கு அழைத்துச் சென்று, நீரை வாயிலிட்டுப் பார்க்கச் சொன்னார். உவர்த்தது. நாள்தோறும் சிறிது சிறிதாக மாறியதால் நம் நாக்கு அதனை உணரவில்லை.

நீரைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். குளோரைடு மிகுதி என்று முடிவு வந்தது. மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை அளவுக்குமீறி இறைத்ததால் கடல்நீர் உட்புகுந்த செய்தி 1960-களின் இறுதி முதலே ஆய்வாளர் அறிந்தது. நம் கிணற்றின் உவர்ப்பு அதனைச் சார்ந்ததா, வேறு காரணத்தால் வந்ததா என்று நாம் தீர்ப்புக் கூறவில்லை. முன்பு ஒருமுறை கூறியதே போதும். நீரில் வந்த உப்பு முதிர்ந்த இலையின் ஓரத்தில் தங்கி அதனை எரிக்கிறது என்பது மட்டும் தெளிவு. போதாக்குறைக்கு, நாம் ஆண்டுதோறும் மரத்திற்கு இட்ட சாம்பல்சத்து உரம் மியூரியேட் ஆப் பொட்டாஷ். அதுவும் குளோரைடு கொண்டதே! அதனை நிறுத்திச் சல்பேட் ஆப் பொட்டாஷுக்கு மாறினோம். 2003-இல் தமிழக அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது பெயரளவிற்கு ஒரு குழாய் வைத்திருந்தோம். அதனைத் திருப்பி, கூரைநீர் முழுவதும் மரத்தின் பாத்திக்குள் இறங்குமாறு செய்தோம். இரண்டு மழைக்காலம் கழிந்தபின் தோன்றிய இலைகள் ஓரம் கருகாமல் முதிர்ந்தன.

அண்டை வீட்டாரைப் பற்றிச் சொல்லாமல் விட்டோம். 2012-இலேயே அவர் வீட்டு வாயிலுக்குச் சென்று, நாம் சொன்னது தவறு என்று கூறினோம். "பரவாயில்லை ஐயா" என்றார். அந்தப் 'பரவாயில்லை'யில் கதவு திறக்கவில்லை. கூடை காய் அனுப்பினோம், பெற்றுக்கொண்டனர். சாடி திரும்பவில்லை. தவறு என்று ஒப்புக்கொண்டால் உடனே எல்லாம் சீராகிவிடும் என்று நாம் எண்ணியிருந்ததும் ஒரு பேதைமையே.

2016 திசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னைக்கு அருகில் கரை கடந்தது. அன்று பிற்பகல் நம் மரத்தின் தென்புறப் பெருங்கிளை முறிந்து, அவர்கள் வீட்டு மதில்மேல் சாய்ந்தது. மின்சாரமில்லை, ஆள் கிடைக்கவில்லை. மறுநாள் காலை ஆலையிலிருந்து வாங்கி வந்த அரம்பத்துடன் அவரே மதிலேறி நின்றார். கிளையை அறுத்து இறக்கியபின், அடிமரத்தில் கிழிந்து நின்ற காயத்தைக் காட்டி, "இதை இப்படியே விட்டால் அழுகிவிடாதா ஐயா?" என்று கேட்டார். நான்கு ஆண்டுகளுக்குப்பின் அவர் நம்மிடம் கேட்ட முதற்கேள்வி அது.

காயத்தின் விளிம்பைச் செதுக்கிச் சமப்படுத்தி, போர்டோ பசை பூச வேண்டும் என்றோம். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த மருந்து அது. பிரான்சு நாட்டில் போர்டோ நகர்ப்பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர்கள், வழிப்போக்கர் பழம் திருடாதிருக்கச் சாலையோரக் கொடிகளில் நீலநிறமாக இதனைத் தெளித்து வைத்தனர். தெளித்த கொடிகளுக்கு மட்டும் நோய் வராததை 1882-இல் மில்லார்டே என்னும் தாவரவியல் பேராசிரியர் கண்டு, ஆய்ந்து, 1885-இல் உலகறியச் செய்தார். திருடனுக்கு வைத்தது பூசணத்திற்கு மருந்தாயிற்று. இதைச் சொன்னபோது அவர் சிரித்தார்.

கடை திறந்ததும் அவரே சென்று ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பும் வாங்கி வந்தார். பத்து லிட்டர் நீரை இரண்டு பிளாஸ்டிக் வாளிகளில் பிரித்து, ஒன்றில் துத்தத்தைக் கரைத்தோம். மற்றொன்றில் சுண்ணாம்பை நீற்றினோம். இரும்பு வாளி கூடாது; துத்தம் அரித்துவிடும். துத்தநீரைச் சுண்ணாம்புப் பாலில் சிறுகச் சிறுக ஊற்றிக் கலக்க வேண்டும். நாம் ஊற்ற, அவர் கழியால் கலக்கினார். வானத்து நீலம் போன்ற கூழ் திரண்டது.

இறுதியில் ஒரு சோதனை உண்டு. தீட்டிய இரும்புக் கத்தியைக் கலவையில் சிறிது நேரம் அமிழ்த்தி எடுக்க வேண்டும். கத்தியில் செம்பு படிந்து சிவந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். அக்கலவை மரத்தைச் சுடும். முதல்முறை கத்தி சிவந்தது. ஒரு பிடி சுண்ணாம்பு கூட்டினோம். இரண்டாம் முறையும் மங்கலாகச் சிவந்தது. இன்னொரு பிடி கூட்டிக் கலக்கியபின், மூன்றாம் முறை அவர் கத்தியை அமிழ்த்தினார். வெளியே எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இப்போது சிவக்கவில்லை ஐயா. பூசலாம்" என்றார்.

மட்டையைத் தூரிகையாகத் தட்டிக்கொண்டு இருவரும் மரத்தடிக்குச் சென்றோம்.